பச்சோந்திக்கு வீட்டிலேயே கூண்டு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயத்தக் கூண்டுகள் கிடைக்கும்போது நாமே செய்ய வேண்டிய தேவை என்ன?

கட்டாயம் எதுவும் இல்லை. ஆயத்தக் கூண்டுகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அவற்றில் பல, எல்லா வகைப் பல்லிகளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. தரையில் திரியும் பல்லிக்கு நீளம் வேண்டும், கிளையில் வாழும் பச்சோந்திக்கு உயரம் வேண்டும். நாமே செய்தால் உயரம், காற்றோட்டம், விளக்கு மாட்டும் இடம், தண்ணீர் வெளியேறும் வழி ஆகிய நான்கையும் நம் வீட்டுக்கும் நம் விலங்குக்கும் ஏற்றபடி தீர்மானிக்கலாம். முதலில் பெட்டியைச் செய்து முடித்துவிட்டு, விளக்கை எங்கே தொங்கவிடுவது, தண்ணீர் எங்கே போகும் என்று பிறகு யோசிப்பதுதான் வீட்டில் செய்த கூண்டுகள் பாழாவதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே கூரையையும் தரையையும் முதலில் தாளில் வரைந்து முடித்துவிடுங்கள். சுவர்களைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

என்ன அளவில் செய்ய வேண்டும்?

வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கும் மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்திக்கும் 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். உயரத்தில் மட்டும் கவனம் செலுத்தி 40 செ.மீ. அகலத்தில் ஒடுக்கமான கோபுரம் எழுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பச்சோந்தியின் நாக்கு, வாலைச் சேர்க்காமல் பார்த்தால், அதன் உடல் நீளத்தையும் தாண்டி நீளக்கூடியது. இரையைக் குறிபார்த்து நாக்கை வீசக் கிடைமட்டமான தூரம் வேண்டும். மேலும், வெயில் காயும் இடத்திலிருந்து விலகி நிழலுக்குச் செல்ல நினைக்கும் விலங்கு, அதற்காக உயரத்தையே விட்டுக் கீழே இறங்க வேண்டிய நிலை வரக்கூடாது.

குட்டிக்கு இதில் பாதி அளவுள்ள கூண்டு போதும். பெரிய கூண்டிலேயே விடுவதும் தவறில்லை; ஆனால் இரை அதன் கண்ணில் படுகிறதா, அது நாள்தோறும் தின்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உதிர்ந்த இலைகளுக்கிடையே வாழும் குட்டைப் பச்சோந்தி இனங்களுக்கு இப்பக்கத்தில் சொல்லப்படும் அமைப்பு பொருந்தாது.

பழைய மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். நான்கு பக்கமும் அடியும் அடைபட்ட தொட்டியில் காற்று தேங்கும். விளக்கின் வெப்பமும் தெளிக்கும் நீரின் ஈரமும் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். மூச்சுத் தடத் தொற்றுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறொரு பச்சோந்தி என்று எண்ணி ஓயாமல் சீறும் விலங்குகளும் உண்டு. தொட்டிக்குப் பதிலாகப் பழைய துணி அலமாரியோ புத்தக அலமாரியோ இருந்தால் அது உண்மையிலேயே நல்ல தொடக்கம்: தட்டுகளை எடுத்துவிட்டு, கூரையை அறுத்து வலையடித்து, முன்பக்கம் கதவு போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அலமாரி மரத்தூள் அட்டையால் ஆனதாக இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஈரம் பட்டால் அது ஊதிப்போகும்.

எல்லாப் பக்கமும் வலையா, அல்லது சில பக்கங்களை அடைக்கலாமா?

இதற்கான விடை நீங்கள் கூண்டு வைக்கும் அறையைப் பொறுத்தது. அறையின் காற்று இயல்பாகவே ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் எல்லாப் பக்கமும் வலை வைப்பதே எளிது. குளிர்சாதனமோ அறைச் சூடேற்றியோ ஓடும் வறண்ட அறையில் அத்தகைய கூண்டு வைத்தால், நீங்கள் தெளிக்கும் ஈரமெல்லாம் சில நிமிடங்களில் அறைக்குள் கரைந்துவிடும். அங்கே பின்பக்கத்தையும் இரு பக்கங்களையும் அடைத்துவிட்டு, கூரை முழுவதும் வலையும், முன்பக்கத்தின் அடிப்பகுதியில் 10 செ.மீ.க்குக் குறையாத வலைப்பட்டையும் வைப்பது நல்லது. விளக்கால் சூடான காற்று கூரை வழியே மேலேறும்போது, அடியிலுள்ள வலை வழியாகப் புதிய காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். புகைபோக்கி வேலை செய்யும் முறையும் இதுதான். அடி வலையை மறந்துவிட்டால் கூரை வலை இருந்தும் பயனில்லை.

எந்த வலையை வாங்குவது?

சன்னல்களுக்கு அடிக்கும் அலுமினியப் பூச்சி வலை பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது. அதே தோற்றத்தில் விற்கப்படும் கண்ணாடியிழை வலையைத் தவிர்க்க வேண்டும்: நகம் பட்டுக் கிழியும், சுவர்க்கோழிகள் கடித்துத் துளையிடும், விளக்கின் சூட்டில் உருகும். துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலையின் வெட்டுமுனைகள் பாதத்தைக் கிழிக்கக்கூடும். நாளாக ஆகப் பூச்சும் உதிரும். கம்பி வலைதான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறையிட்டதாக, 12 மி.மீ. கண் அளவுள்ளதாக வாங்குங்கள். பிடித்து ஏறுவதற்கு அது வசதியானது, ஒளியையும் அதிகம் தடுக்காது. ஆனால் சிறு பூச்சிகள் அதன் வழியே வெளியேறிவிடும் என்பதால் இரையைக் கிண்ணத்தில் வைத்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் எதில் செய்வது: மரமா, பிவிசி குழாயா, அலுமினியமா?

மூன்றும் உதவும். பிவிசி குழாய் மலிவானது, ஈரத்தால் கெடாது, ரம்பமும் பசையும் இருந்தால் போதும். ஆனால் உருண்டையான குழாயில் வலையை இறுக்கிக் கட்டுவதும் கதவை நேராகப் பொருத்துவதும் பொறுமையைச் சோதிக்கும். அலுமினியம் மூன்றிலும் நீடித்து உழைக்கக்கூடியது என்றாலும், அறுக்கவும் துளையிடவும் தகுந்த கருவிகள் வேண்டும். முதன்முறை செய்கிறவருக்கு மரத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அளவு தவறினால் திருத்திக்கொள்ளலாம், கிளைகளை நினைத்த இடத்தில் திருகாணி போட்டு நிறுத்தலாம்.

மரத்தின் எதிரி ஈரம். நீர் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷை மூன்று கை பூசுங்கள். ஒட்டுப்பலகை என்றால் அதன் வெட்டு விளிம்புகளுக்குக் கூடுதலாக ஒரு கை பூசுங்கள், நீர் முதலில் உறிஞ்சப்படுவது அங்கேதான். பூசியபின் வாடை முற்றிலும் அடங்கும்வரை, தேவையானால் வாரக்கணக்கில், காற்றாடும் இடத்தில் விட்டுவிட வேண்டும். கரையானுக்காக மருந்தேற்றிய மரத்தையும், நறுமண எண்ணெய் கசியும் தேவதாரு போன்ற மரங்களையும் தவிர்க்கவும். இணைப்புகளை அடைக்கும் சிலிக்கான் பசையில் பூஞ்சைக்கொல்லி கலக்காததைத் தேடி வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கப்படும் பசைகளில் பெரும்பாலும் அது கலந்திருக்கும்.

60 × 60 × 120 அளவுக்கு மரத்தை எப்படி வெட்டுவது?

4 செ.மீ. சதுர ரீப்பரை எடுத்துக்கொள்வோம். நிற்கும் கால்கள் 120 செ.மீ. நீளத்தில் நான்கு. இரு கால்களுக்கு இடையே மீதமிருக்கும் அகலம் 52 செ.மீ. என்பதால் குறுக்குச் சட்டங்கள் அனைத்தும் 52 செ.மீ.: பின்பக்கத்துக்கு இரண்டு, இரு பக்கங்களுக்கும் சேர்த்து நான்கு, முன்பக்கத்துக்கு மூன்று, ஆக ஒன்பது. மொத்தம் 948 செ.மீ. வருகிறது, ரம்பம் தின்னும் அளவையும் கழிவையும் கருதி 10 மீட்டர் வாங்குங்கள்.

முன்பக்கத்தின் மூன்றாவது குறுக்குச் சட்டம், மேல் கதவையும் கீழ்க் கதவையும் பிரிப்பதற்கானது. அடிச்சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து 28 செ.மீ. விட்டு அதைப் பொருத்தினால் மேலே 80 செ.மீ. திறப்பு கிடைக்கும். கதவுகளை 52 செ.மீ. அகலத்துக்குச் சரியாக வெட்டிவிடாதீர்கள். ஈரத்தில் மரம் ஊதும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டு 51.4 செ.மீ. அகலத்தில் செய்யுங்கள். அந்த இடைவெளியில் பூச்சி நுழையாதபடி உட்புறமாக ஒரு மெல்லிய ரீப்பரைத் தடுப்பாக அடிக்க வேண்டும்.

வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் ஸ்டேப்ளர் ஊசியால் அடித்து, அதன்மேல் மெல்லிய மரப்பட்டை வைத்து மூடுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குப் போய், பிறகு மூலைகளை நோக்கி நகர்ந்தால் வலை சுருங்காது. ஓர் ஊசிமுனையும் விலங்கின் நகத்துக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. உள்ளே கையை விட்டு விரலால் தடவிப் பார்ப்பதே இதற்குச் சரியான சோதனை.

ஏன் இரண்டு கதவுகள்?

மேல் கதவு விலங்குக்கும் உணவுக்கும், கீழ்க் கதவு துப்புரவுக்கும் செடித் தொட்டிகளுக்கும். தரையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் விலங்கின் முகத்துக்கு நேரே பெரிய கதவு திறப்பது அதற்கு அச்சம் தரும். கொண்டியைக் கைக்கெட்டும் உயரத்தில், ஒரே கையால் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தரையை எப்படி அமைப்பது? மண் போடலாமா?

தண்ணீர் நாள்தோறும் தெளிக்கப்படும் கூண்டில் வடிகால் இல்லாத தரை என்பது மெதுவாக அழுகும் தரை. எளிய முறை இது: அடிச்சட்டத்தின் மேல் நடுவில் சற்றே தாழ்ந்திருக்கும்படி ஒரு பிவிசி பலகையைப் பதித்து, தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளைகள் சில போட்டு, அடியில் இழுத்தெடுக்கும்படி ஒரு தட்டோ வாளியோ வைக்க வேண்டும். துளைகளுக்கு மேல் சிறு வலைத்துண்டு ஒன்றை ஒட்டினால் உதிர்ந்த இலைகள் அடைக்காது, பூச்சிகளும் தப்பாது. கூண்டை நேரடியாகத் தரையில் வைக்காமல் காலுள்ள மேடையில் ஏற்றினால்தான் இந்தத் தட்டுக்கு இடம் கிடைக்கும்.

தரையை வெறுமையாக விடுவதே தொடக்கத்தில் நல்லது. மரத்தூள், சரளை, தேங்காய்நார்த் துண்டு போன்றவை இரையோடு நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கலாம். சுவர்க்கோழிகளுக்கும் அவை ஒளிவிடமாகும். செடியோடு உயிருள்ள மண் படுகை அமைப்பது அழகான கலைதான், ஆனால் அது கூண்டின் ஈரக்கணக்கு கைவந்த பிறகு செய்ய வேண்டியது.

வெயில் காயும் இடத்தை எப்படி அமைப்பது?

கூரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. கீழே கிடைமட்டமான கிளை ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு நேர் மேலே, கூரை வலைக்கு வெளியே, வெப்ப விளக்கு வர வேண்டும். விளக்கைக் கூண்டுக்குள் வைக்கவே கூடாது. வலையின் மீது நேராகச் சாய்த்தும் வைக்கக்கூடாது, ஏனெனில் பச்சோந்திகள் கூரை வலையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும் பழக்கமுடையவை. சூடு தோலைப் பொசுக்கும் வரையிலும் அவை விலகாமல் இருந்துவிடுவதுண்டு. ஏமன் பச்சோந்தியின் தலைக்கொண்டையிலும் முதுகு முகட்டிலும் காணப்படும் தீப்புண்கள் பல இப்படி ஏற்பட்டவையே. வலைக்கு மேல் ஒரு கம்பி மேடையில் விளக்கை உயர்த்தி வைத்தால் இந்த ஆபத்து குறையும்.

வெப்பநிலையை, விலங்கு அமரும்போது அதன் முதுகு இருக்கும் உயரத்தில் அளக்க வேண்டும். வளர்ந்த ஏமன், பேந்தர் பச்சோந்திகளுக்கு அங்கே 29 முதல் 32 பாகை செல்சியஸ்; மலைக்காடுகளைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்திக்கும் குட்டிகளுக்கும் 27 முதல் 29 பாகை. கூண்டின் அடிப்பகுதி 22 முதல் 24 பாகைக்குள் இருந்தால் விலங்கு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேர்ந்துகொள்ளும். விளக்கின் வாட் அளவு இவ்வளவு என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள். அறையின் குளிரும் வலையின் அடர்த்தியும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.

புறஊதா விளக்கு உண்மையிலேயே தேவையா?

தேவை. புறஊதா-பி கதிர் தோலில் படாவிட்டால் பச்சோந்தியின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. விளைவு வளைந்த கால்கள், மென்மையான தாடை, பிடி தளர்ந்து கிளையிலிருந்து விழுதல். உணவின் மீது சுண்ணாம்புப் பொடி தூவுவது இதற்கு ஈடாகாது.

கூண்டின் அகலம் முழுவதும் நீளும் டி5 குழல் விளக்கையே வாங்குங்கள்; சுருள் வடிவச் சிறு விளக்குகள் ஓர் இடத்தில் மட்டுமே கதிரைத் தரும். கதிரின் அளவு புறஊதாக் குறியீட்டால் அளக்கப்படுகிறது. ஏமன், பேந்தர் இனங்களுக்கு வெயில் காயும் கிளையில் அது 3 அளவில் இருப்பது பொதுவான இலக்கு. மானி இல்லாதவர்கள் விளக்கு செய்த நிறுவனம் தரும் தூர அட்டவணையைப் பின்பற்றலாம், ஆனால் அடர்ந்த கண்ணுள்ள வலை கதிரில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ தடுத்துவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சன்னல் கண்ணாடியும் அக்ரிலிக் தகடும் ஏறத்தாழ முழுவதையுமே தடுக்கும். கண்ணாடிக்குப் பின்னே விழும் வெயிலால் இதற்குப் பயனில்லை. குழல் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் அதன் புறஊதா ஆற்றல் நாளடைவில் தேயும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எல்லா விளக்குகளையும் ஒரே டைமரில் இணைத்து 12 மணி நேரம் எரியவிட்டு 12 மணி நேரம் அணைத்துவிடலாம்.

இரவில் சிவப்பு விளக்கு போட வேண்டுமா?

வேண்டாம். பச்சோந்திக்கு அந்த ஒளி தெரியும், உறக்கம் கெடும். இரவில் 18 பாகை வரை குளிர்வது ஏமனுக்கும் பேந்தருக்கும் நன்மையே.

தண்ணீர்க் கிண்ணம் எங்கே வைப்பது?

பச்சோந்திகள் பொதுவாகத் தேங்கிய நீரைக் குடிப்பதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். எனவே கூரையின் மேல் ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்து, அதன் அடியில் ஊசியால் துளையிட்டு, சொட்டும் நீர் அகன்ற இலை ஒன்றில் விழும்படி அமைத்தால் குடிநீர்ப் பிரச்சினை தீர்ந்தது. அந்த இலை, தரைப் பலகையின் துளைகளுக்கு நேர் மேலே இருந்தால் தரையும் நனையாது.

தானியங்கித் தெளிப்பான் வைப்பவர்கள், விளக்கு எரியத் தொடங்கும் முன்பும் அணைந்த பின்பும் சில நிமிடங்கள் தெளிக்கச் செய்தால் போதும். இரண்டுக்கும் இடையில் கூண்டு முழுவதும் உலர வேண்டும். தெளிப்பானின் வாய் சூடான விளக்கை நோக்கி இருக்கக்கூடாது, குளிர்ந்த துளி பட்டால் கண்ணாடி வெடிக்கும். உப்பு நீரில் தெளிப்பானின் வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் உப்பு நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். பனிமூட்டக் கருவியை இரவின் குளிரில் மட்டும் இயக்க வேண்டும்; அதன் நீர்த்தொட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் பனியோடு கிருமியும் நுரையீரலுக்குள் போகும்.

மின்கம்பிகள் ஒவ்வொன்றும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நீர்க்கசிவோடு மின்கசிவும் சேரக்கூடிய இந்த இடத்துக்கு மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பே பாதுகாப்பானது.

கிளைகளை எப்படிப் பொருத்துவது?

பச்சோந்தியின் பாதத்தில் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இரு பிடிகளாகப் பிரிந்திருக்கும். அந்தப் பிடி கிளையைச் சுற்றிப் பெரும்பகுதி வளைய வேண்டும்; ஆகவே ஒன்றிலிருந்து மூன்று செ.மீ. வரை பல பருமன்களில் கிளைகள் தேவை. ஒரே பருமனில் வழுவழுப்பான மரக்கோல்களை அடுக்கினால் பாதத்தின் ஒரே இடம் எப்போதும் அழுந்திப் புண்ணாகும். வெளியிலிருந்து கொண்டுவரும் கிளைகள் பூச்சிமருந்து படாதவையாக இருக்க வேண்டும்; தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் உலர்த்துங்கள். கிளைகளை வலையில் கட்டித் தொங்கவிடாமல் சட்டத்தில் திருகாணியால் நிறுத்துங்கள், அதுவும் வெளிப்புறத்திலிருந்து முடுக்கினால் கழற்றிக் கழுவுவது எளிது. கூண்டின் எந்த மூலைக்கும் தரையில் இறங்காமலே போக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

என்ன செடிகள் வைக்கலாம்?

மணி பிளான்ட், செம்பருத்தி, சிறிய இலை அத்தி வகைகள், குடைச்செடி ஆகியவற்றைப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஏமன் பச்சோந்தி இலையையும் தின்னும் என்பதால் செடித் தேர்வில் அலட்சியம் கூடாது. அரளி, ஊமத்தை, டைஃபன்பேக்கியா போன்றவை கூண்டுக்குள் வரவே கூடாது. நாற்றுப்பண்ணைச் செடியை இலை இலையாகக் கழுவி, உரம் கலக்காத மண்ணில் மாற்றி நட்டு, சில வாரங்கள் தனியே வைத்த பிறகே உள்ளே வையுங்கள். தொட்டி மண்ணின் மேல் விழுங்க முடியாத அளவுள்ள கற்களைப் பரப்பிவிடுங்கள்.

செடியை அழகுக்கென்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். ஆளைக் கண்டதும் முற்றிலும் மறைந்துகொள்ள இடமுள்ள விலங்குதான் துணிந்து வெளியே வந்து அமரும்.

ஒரே கூண்டில் இரண்டை வளர்க்கலாமா?

கூடாது. அவை சண்டையிடாமல் அமைதியாக இருப்பதாகத் தோன்றினாலும், வலுக்குறைந்தது உண்ணாமல் மெலிந்துகொண்டிருக்கும். இரு கூண்டுகளை அருகருகே வைப்பதானால் இடையே ஒளி ஊடுருவாத பலகை வேண்டும்.

பெண் பச்சோந்திக்குக் கூண்டில் ஏதேனும் மாற்றம் வேண்டுமா?

முக்கியமான ஒன்று உண்டு. முட்டையிடும் இனங்களில், குறிப்பாக ஏமன் இனத்தில், ஆணோடு சேராமலேயே பெண் முட்டையிடும். தோண்டிப் புதைக்க இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே தேக்கி உயிரிழக்கவும் நேரும். எனவே நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 செ.மீ. உள்ள தொட்டி ஒன்றில், கழுவிய மணலும் உரமில்லாத மண்ணும் கலந்து நிரப்பி நிரந்தரமாக வையுங்கள். விரலால் சுரங்கம் குடைந்தால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். கீழ்க் கதவின் உயரமான 28 செ.மீ. வழியே இந்தத் தொட்டி நுழையாது. மேல் கதவு வழியே இறக்குங்கள், அல்லது நடுச் சட்டத்தைப் பொருத்தும்போதே 5 செ.மீ. உயர்த்திவிடுங்கள்.

கூண்டை வீட்டில் எங்கே வைப்பது?

ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், மின்விசிறியும் குளிர்சாதனக் காற்றும் நேரடியாக வீசாத இடத்தில், சமையலறைப் புகைக்குத் தொலைவில் வையுங்கள். பச்சோந்தியின் எதிரிகள் பெரும்பாலும் மேலிருந்து வருபவை. எனவே அது வழக்கமாக அமரும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கோ அதற்கு மேலோ இருந்தால் உங்களைக் கண்டு மிரள்வது குறையும்.

வெளியில் வைக்கலாமா?

இரவும் பகலும் வெப்பநிலை ஒத்துவந்தால் வலைக்கூண்டில் சில மணி நேரம் வெயில் காட்டுவது எந்த விளக்கையும்விட மேலானது. கூண்டின் பாதியாவது எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். மேடையின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பூனையும் காகமும் வலையைக் கிழிக்கும் என்பதால் கண்பார்வையில் வைத்திருப்பதே நல்லது.

எந்தப் பச்சோந்தியையும் பிடித்து வளர்க்கலாமா?

இல்லை. ஏமன், பேந்தர், ஜாக்சன் இனங்கள் உட்படப் பல பச்சோந்திகள் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து பிடிப்பதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடைசெய்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மரம் வாங்கும் முன் உறுதிசெய்துகொண்டு, வளர்ப்பில் பிறந்த விலங்கை மட்டும் ஆவணத்தோடு வாங்குங்கள்.

கூண்டு தயார். எப்போது உள்ளே விடலாம்?

உடனே வேண்டாம். விளக்கு, தெளிப்பான், டைமர் எல்லாவற்றையும் விலங்கு இருப்பதாகவே பாவித்துக் குறைந்தது ஒரு வாரம் ஓட்டுங்கள். வெயில் காயும் கிளையிலும் அடியிலும் ஒவ்வொரு வெப்பமானியும், நடுவில் ஓர் ஈரப்பதமானியும் வைத்து, நண்பகலிலும் விடியலிலும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகலில் இலைகள் இன்னும் ஈரமாக இருந்தால் தெளிப்பைக் குறைக்க வேண்டும், அல்லது அடி வலையைப் பெரிதாக்க வேண்டும். மூலைகளில் நீர் தேங்குகிறதா, வார்னிஷ் எங்கேனும் வெளுத்து எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சில சுவர்க்கோழிகளை மாலையில் உள்ளே விட்டு, காலையில் எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் இடைவெளி எங்கேயோ இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் அவற்றையெல்லாம் பிடித்து வெளியேற்றிய பிறகே பச்சோந்தியை விடுங்கள். இரவில் மிஞ்சிய சுவர்க்கோழிகள் உறங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.